அஞ்சு கோட் பெயின்ட்டும் ஒரு ஊமைச் சங்கும்

எங்க ஊர்ல சைரனுக்குப் பேரு சங்கு. நகராட்சி ஆபீஸ் மொட்டை மாடியில இருந்தது. காலையில 9 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை ஊதும். "சங்கு ஊதியாச்சு, இன்னும் பல்லு விளக்கலையா?"ன்னு அம்மா கத்துறதும் அதோட சேர்ந்தே கேட்கும். பாட்டி அந்தச் சத்தத்தை வச்சுத்தான் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைப்பாங்க. அதை நான் கடைசி வரைக்கும் கண்ணால பார்த்ததே இல்லை. என்ன கலர்னு இப்போ கேட்டாலும் தெரியாது. காதால மட்டுமே தெரிஞ்ச ஒரு பொருள்.

இப்போ லாஸ் ஏஞ்சல்ஸ்ல நிலைமை நேர்மாறு. இங்கே ஒரு சங்கை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறேன், அது ஊதி நான் கேட்டதே இல்லை. நான் மட்டுமில்லை, என் வயசுக்காரங்க யாருமே கேட்டிருக்க முடியாது. அதோட வாயை 1985-லேயே அடைச்சுட்டாங்க, நான் பொறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடி.

சரி, கதைக்கு வருவோம்.

ஆபீஸ்ல ஆணி பிடுங்கி முடிச்சு வீட்டுக்கு நடந்து வர்ற வழியில, ஒரு லாண்டரிக் கடை ஓரமா உயரமான இரும்புக் கம்பம் ஒண்ணு நிக்குது. முதல்ல பழைய தெருவிளக்குன்னு நினைச்சேன். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தப்போ நிமிர்ந்து பார்த்தா, உச்சியில விளக்கு இல்லை. ரெண்டு பக்கமும் தட்டு வச்ச ஒரு உருளை. நூல்கண்டை நிமிர்த்தி வச்ச மாதிரி. வடக்குப் பக்கம் இன்னும் வெளிறின மஞ்சள் ஒட்டிக்கிட்டிருக்கு. தெற்குப் பக்கம் பெயின்ட் சுத்தமா உதிர்ந்து காப்பிப்பொடி நிறத்துல துரு. தட்டோட விளிம்புல இருந்து கம்பம் வழியா ஒரு துருக்கோடு கீழ வரைக்கும் வழிஞ்சு காய்ஞ்சிருக்கு.

போட்டோ எடுத்து ரூம்மேட்கிட்ட காட்டினேன். "ஏன்டா, நாளைக்கு ரிலீஸை வச்சுக்கிட்டு கம்பத்தைப் படம் பிடிச்சுட்டு வந்திருக்க?"ன்னு கேட்டான். காரைக்குடிக்காரன், நேராத்தான் பேசுவான். ஆனா மறுநாள் அவனே இன்னொரு கம்பத்தைப் பார்த்துட்டு வந்து சொன்னான். அப்புறம் ரெண்டு பேரும் சனி, ஞாயிறுன்னா சங்கு எண்ணக் கிளம்பிடுவோம். இந்த ஊர்ல அப்படித் தேடினா நிறையவே கிடைக்கும்.

இந்தச் சங்குகள் ஏன் இங்கே வந்துச்சுன்னு பார்த்தா, 1942 பிப்ரவரிக்குப் போகணும். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து மூணு மாசம்கூட ஆகலை. பிப்ரவரி 25 அதிகாலை 2:25-க்கு லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க சைரன் அலறியது. விளக்கெல்லாம் அணைஞ்சது. பீரங்கிகள் வானத்தை நோக்கி 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தள்ளின. விடிஞ்சு பார்த்தா ஒரு ஜப்பான் விமானம்கூட விழலை, ஏன்னா வரவே இல்லை. ஆனா இருட்டுல நடந்த கார் விபத்துகள்லயும் மாரடைப்பிலயும் அஞ்சு பேர் இறந்துபோனாங்க. அடுத்த வருஷம் 1943 ஜூலை 26 அன்னிக்கு ஊரையே ஒரு புகைமூட்டம் மூடி, கண் எரிய ஆரம்பிச்சப்போ, ஜப்பான்காரன் விஷவாயு விட்டுட்டான்னு ஜனங்க பயந்திருக்காங்க. அது கார் புகையும் தொழிற்சாலைப் புகையும். அந்த அளவுக்கு மிரண்டு போயிருந்த ஊர் இது.

போர் முடிஞ்சதும் சங்குக்கு வேலை போயிடும்னு நினைச்சா, 1949 ஆகஸ்ட்ல சோவியத் யூனியன் அணுகுண்டு வெடிச்சுக் காட்டியது. 1951 ஜனவரியில அமெரிக்காவுல சிவில் டிஃபென்ஸ் சட்டம் வந்தது. ஊர் ஊரா சைரன் வாங்க மத்திய அரசு பாதிப் பணம் தரும், மீதியை உள்ளூர் போடணும்னு ஏற்பாடு. கம்பெனிக்காரங்களுக்கு வேட்டைதான். சிகாகோவோட ஃபெடரல் கம்பெனி 1952-ல 'தண்டர்போல்ட்'னு ஒண்ணு கொண்டு வந்தது. கீழே ஒரு ஊதுகுழல் எந்திரம் காத்தை அமுக்கிக் குழாய் வழியா மேல அனுப்ப, உச்சியில ஒரு பெரிய கொம்பு சுத்திச் சுத்தி ஊதும். கார் கம்பெனி கிரைஸ்லர் சும்மா இருக்குமா? 180 குதிரைசக்தி வி8 எஞ்சினைத் தூக்கிச் சைரன்ல மாட்டிருச்சு. 12 அடி நீளம், ஏறக்குறைய 3 டன் எடை, 100 அடி தள்ளி நின்னாலும் 138 டெசிபல். ஜெட் விமானத்துக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி.

லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துல மட்டும் இருநூறுக்கு மேல நட்டாங்க. அதுல பல ஜாதி. இன்னிக்கு இதுகளைத் தேடி அலையுற ஆர்வலர்கள் அதோட தோற்றத்தை வச்சே செல்லப் பேர் வச்சிருக்காங்க: பேர்ட்ஹவுஸ், வயர் ஸ்பூல், ஃப்ளாட்டாப்... நம்ம லாண்டரிக் கடைச் சங்கு வயர் ஸ்பூல் ஜாதி. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஊதிச் சோதிப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பெஞ்சுக்கு அடியில போய்ப் பதுங்கணும். 1985-ல இந்தச் சோதனையையும் நிறுத்திட்டாங்க. ஏவுகணை காலத்துல இதுக்கு என்ன பிரயோஜனம், பராமரிக்கக் காசு யார் தர்றதுன்னு ரெண்டு கேள்வி. சரின்னு சங்கைப் பிடுங்கினாங்களான்னா அதுவும் இல்லை. பிடுங்குறதுக்கும் காசு வேணுமே. அப்படியே விட்டுட்டாங்க.

அந்த 'அப்படியே விட்டதுல'தான் எனக்கு ஆர்வம். அதுக்கு மஞ்சளைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

அந்தக் காலத்து அமெரிக்க மஞ்சள் பெயின்ட்டுல பெரும்பாலும் இருந்தது குரோம் மஞ்சள். அதாவது ஈய குரோமேட். 1939 ஏப்ரல்ல நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்தோட ஆசிரியர் கல்லூரியில ஒரு கூட்டம் போட்டு, நாட்டுல இருக்கிற ஸ்கூல் பஸ் எல்லாத்துக்கும் ஒரே மஞ்சள்னு முடிவு பண்ணாங்க பாருங்க, அதுவும் இதே சரக்குதான். விடியற்காலை மங்கல்லயும் பளிச்சுன்னு தெரியும், மலிவு, நல்லா மூடும், இரும்புல சிக்குன்னு பிடிக்கும். கெட்ட குணம் ரெண்டு. ஒண்ணு, விஷம். ரெண்டு, வெயில் பட்டா நாளாக நாளாகப் பழுப்பாகும். வான்கோ வரைஞ்ச மஞ்சள்கள் ஏன் பழுத்துப்போச்சுன்னு 2011-ல எக்ஸ்ரே வச்சு ஆராய்ஞ்சாங்க. வெளிச்சம் பட்டு, அதுல இருக்கிற குரோமியமே வேற நிலைக்கு மாறிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னால, குளுகுளு அறையில வச்ச ஓவியத்துக்கே அந்தக் கதின்னா, கலிபோர்னியா வெயில்ல எழுபது வருஷம் கம்பத்து மேல நிக்கிற சங்கு என்ன பண்ணும்?

சங்கோட பெயின்ட் சாகிறதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு. முதல்ல மினுமினுப்பு போகும். அப்புறம் மாவு பூக்கும். நம்ம ஊர்ல சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல சாஞ்சா சட்டையில வெள்ளையா ஒட்டுமே, அதேதான். பெயின்ட்டுல நிறம் தர்ற துகள் ஒண்ணு, அதைப் பிடிச்சு வச்சிருக்கிற எண்ணெய்ப் பசை ஒண்ணு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பசையைத் தின்னுடும். துகள் அநாதையா மேல நிக்கும். மழை வந்தா கழுவிக்கிட்டுப் போயிடும், அடியில இருக்கிற புதுத் தோல் வெளிய வரும், மறுபடியும் அதே கதை. இப்படி வருஷத்துக்குக் கொஞ்சமா மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு நாள் இரும்பு எட்டிப் பார்க்கும். இரும்பு எட்டிப் பார்த்துட்டா அப்புறம் வேலை வேகமா நடக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால பக்கத்துல நல்லா இருக்கிற பெயின்ட்டையும் அடியில இருந்து நெம்பித் தூக்கிடும். தெற்குப் பக்கம் முதல்ல போறதுக்குக் காரணமும் இதுதான். பூமியோட வடபாதியில சூரியன் தெற்குச் சாய்வாத்தானே போகுது!

அலுமினிய வார்ப்புச் சங்குகளுக்கு வேற வியாதி. உடம்பு அலுமினியம், போல்ட்டு இரும்பு. ரெண்டும் ஈரத்துல சேர்ந்து நின்னா அது ஒரு சின்ன பேட்டரி, அதுல கரையறது அலுமினியம். போல்ட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் கொப்புளமா எழும்பும். கண்ணாடி இழைக் கொம்பு வச்ச பிற்காலச் சைரன்ல துரு கிடையாது. ஆனா மேல்பூச்சு தேய்ஞ்சதும் உள்ள இருக்கிற இழை முடி மாதிரி வெளிய நீட்டிக்கும். தெரியாம கையை வச்சா ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும். (அனுபவம்!)

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது பாதி. மீதி, எங்க தெருவுல இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட கத்துக்கிட்டது. ரிட்டையர்டு எலக்ட்ரீஷியன், எழுபது தாண்டினவர். இங்க எவ்வளவு வயசானவரா இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்கு வாய் வரலை. 'சார்'னே கூப்பிடுறேன், அவருக்கு அது சிரிப்பு. நான் கம்பத்தைப் படம் பிடிக்கிறதைப் பார்த்துட்டு, "ஒண்ணு கிட்டத்துல பார்க்கிறியா?"ன்னு கேட்டு காரேஜைத் திறந்தார். உள்ள ஃபெடரல் கம்பெனியோட மாடல் 2 சைரன். 2 குதிரைசக்தி மோட்டார் வச்ச சின்ன ஜாதி. மத்திய மேற்குல ஏதோ ஒரு குட்டி ஊர் புதுசு வாங்கிட்டு, பழசைக் கழிச்சுக் கட்டினப்போ வாங்கிப் போட்டாராம்.

பார்த்ததும் எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. சாம்பல் கலர்ல, பிசிறில்லாம, மொழுமொழுன்னு இருக்கு. மின்சாரப் பெட்டி மாதிரி. நம்ம லாண்டரிக் கடைச் சங்கோட அழுக்கு கம்பீரம் இதுல எங்க? அதைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. ஒரு உப்புத்தாள் எடுத்து, தண்ணி தொட்டு, அடிப்பக்கத்துல ஒரே இடத்துல வட்டமா தேய்க்க ஆரம்பிச்சார். பத்து நிமிஷத்துல ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வளையம் வளையமா ஒண்ணு வந்தது. வெளி வளையம் சாம்பல். அதுக்குள்ள வெள்ளை. அதுக்குள்ள மறுபடியும் ஒரு அழுக்கு வெள்ளை. அப்புறம் மெல்லிசா ஒரு பச்சை. அப்புறம் மஞ்சள், பாதாம் அல்வா மாதிரி திக்கா, ஒரு துளி வெளிறாம. நடுவுல செங்கல் நிறத்துல ப்ரைமர்.

ப்ரைமரைக் கழிச்சா அஞ்சு கோட். மரத்தை அறுத்தா வருஷ வளையம் தெரியுமே, அந்த மாதிரி.

அந்த வளையங்களைப் புரிஞ்சுக்க மத்திய மேற்கோட கதை தெரியணும். அங்கேயும் சங்கு வந்தது ரஷ்யாக்காரன் பயத்துலதான். ஆனா அவங்களுக்கு உண்மையான எதிரி வேற: சூறாவளி. 1965 மே 6 அன்னிக்கு மினியாபொலிஸ் வட்டாரத்துல ஒரே சாயங்காலம் அடுத்தடுத்து டொர்னேடோ இறங்கினப்போ, அந்த வட்டாரத்துல முதல் தடவையா சிவில் டிஃபென்ஸ் சைரனை வானிலைக்காக ஊதினாங்க. 13 பேர் இறந்தாங்க. ஊதாம இருந்திருந்தா இன்னும் எவ்வளவு பேரோ. அந்த வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு வந்த டொர்னேடோ கூட்டத்துல 250 பேருக்கு மேல போயிருந்தாங்க. அதுக்கப்புறம் அங்க சங்குக்கு நிரந்தர உத்தியோகம். அணுகுண்டு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், டொர்னேடோ வருஷா வருஷம் வருமே.

நிரந்தர உத்தியோகம்னா பராமரிப்பு. பராமரிப்புன்னா பெயின்ட். ஊர்ப் பட்ஜெட்ல காசு ஒதுக்கும்போதெல்லாம் ஒரு கோட். மஞ்சள் போர் ஞாபகம் தருதுன்னு தோணினதோ என்னவோ, வானத்தோட சேர்ந்து போற வெள்ளையும் சாம்பலும் வந்து உட்கார்ந்துடுச்சு. உபயோகப்படுத்தின ஊர்க்காரன் சங்கைக் காப்பாத்தினான், அதோட முகத்தை மூடிட்டான். லாஸ் ஏஞ்சல்ஸ்ல பூகம்பம் வரும், ஆனா அது சொல்லிக்கிட்டு வராது. சங்குக்கு மாற்று வேலை கிடைக்கலை. யாரும் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஏறலை. அதனாலதான் அந்தக் கம்பத்துல இன்னும் பழைய மஞ்சள் நிக்குது. நான் 'அழுக்கு கம்பீரம்'னு ரசிச்சது ஒரு ஊரோட அலட்சியத்தை.

எனக்கு இது கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்தது.

அடுத்த மூணு வாரம் சனிக்கிழமை எல்லாம் அந்த காரேஜ்லதான். எங்களுக்குள்ள ஒரே சண்டை. முழுசா உரிச்சுட்டுப் புது மஞ்சள் அடிக்கலாம்னு நான். தொடவே கூடாதுன்னு அவர். "புது மஞ்சள் அடிச்சா 1950-ஆ ஆயிடுமா? அது உன் மஞ்சள். அந்த ஊர்க்காரன் அடிச்ச சாம்பலும் இதோட வாழ்க்கைதானே?"ன்னு கேட்டார். நான் சாஃப்ட்வேர் ஆளு. பழைய கோடைப் பார்த்தா கை அரிக்கும், மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா எழுதணும்னு தோணும். ஆனா யாரோ எப்பவோ போட்டுவச்ச ஒரு வரி எதுக்குன்னு தெரியாம அழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்து முழிச்ச அனுபவமும் எனக்கு இருக்கு. அதனால கொஞ்சம் அடங்கினேன்.

இன்னொரு காரணம் ஈயம். வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டுல ஈயத்தை அமெரிக்கா 1978-ல தடை பண்ணியது. அதுக்கு முந்தின எந்தக் கோட்டையும் சந்தேகத்தோடதான் தொடணும். ஈயம் இருந்தா நிறம் மாறுற சோதனைக் குச்சியை அந்த வளையத்துல தேய்ச்சுப் பார்த்தார், சிவந்துடுச்சு. உலர்வா தேய்ச்சா தூசி காரேஜ் பூரா பறந்து, வீட்டுல விளையாடுற பேரப்பிள்ளை வாய்க்குப் போகும். அதனாலதான் அவர் தண்ணி தொட்டுத் தேய்ச்சிருக்கார். கையுறை, முகமூடி, தேய்ச்ச கசடைத் துணியில துடைச்சுத் தனியா மூட்டை கட்டுறதுன்னு அவ்வளவு பக்குவம். இணையத்துல சிலர் சைரனைத் தோட்டத்துல வச்சு கிரைண்டர் போட்டுச் சர்ருன்னு உரிக்கிற வீடியோ பார்த்திருக்கேன். பார்க்கவே வயித்தைக் கலக்குது. அந்தத் தோட்டத்து மண்ணுல அடுத்து தக்காளி போடுவாங்க!

கடைசியில ஒரே ஒரு இடத்துல மட்டும் உரிக்கச் சம்மதிச்சார். மோட்டாருக்குப் பக்கத்துல செவ்வகமா ஒரு மேடு. அஞ்சு கோட்டுக்கு அடியில ஒரு தகடு. பெயின்ட் கரைக்கிற களிம்பைத் தடவி, பிளாஸ்டிக்கால மூடி, மறுநாள் மரக்குச்சியால மெல்ல வழிச்சோம். முதல்ல கம்பெனி பேரு. அப்புறம் சிகாகோ. அப்புறம் வோல்ட்டேஜ், குதிரைசக்தி, கடைசியா வரிசை எண். ஒவ்வொரு எழுத்தா வெளிய வர்றப்போ நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்லை. பழைய சைரன்களுக்கு நடக்கிற பெரிய நஷ்டம் துரு இல்லைன்னு அன்னிக்குப் புரிஞ்சது. நல்லெண்ணத்தோட பிரஷ் எடுத்தவன் தகட்டையும் சேர்த்து அடிச்சுட்டுப் போறதுதான். துருப் பிடிச்ச தகட்டைக்கூடப் படிக்கலாம், மணல் வீசி உரிச்ச தகட்டைப் படிக்கவே முடியாது.

மூடியைக் கழட்டினதும் இன்னொரு பாடம். சைரனுக்குள்ள இருக்கிறது ரொம்ப எளிமையான விஷயம். சுத்துற ஒரு சக்கரம், அதைச் சுத்தி ஓட்டை போட்ட ஒரு அசையாத வளையம். சக்கரம் காத்தை உறிஞ்சி வெளிய தள்ளும், ஓட்டை மாறி மாறித் திறந்து மூடும், காத்து துண்டு துண்டாகும், அந்தத் துண்டுதான் சத்தம். 12 ஓட்டை இருக்கிற சக்கரம் நிமிஷத்துக்கு 3,450 தடவை சுத்தினா விநாடிக்கு 690 துண்டு, அதாவது 690 ஹெர்ட்ஸ். 1819-ல பிரான்சுக்காரர் கான்யார் த லா தூர் இதுக்குச் 'சைரன்'னு பேர் வச்சதே, தண்ணிக்குள்ளயும் இது பாடுச்சுங்கிறதாலதான். சக்கரத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. சக்கரத்துல ஒரு பக்கம் பெயின்ட் கனமா விழுந்தா சமநிலை கெட்டு அதிரும். அதனால உள்ள பெயின்ட் அடிக்கிறவன் ரொம்ப யோசிக்கணும்.

எங்க சைரன்ல யாரும் உள்ள அடிக்கலை, நல்லவேளை. ஆனா வெளிய அஞ்சு கோட் போட்ட ஊர், உள்ள கிரீஸ் மாத்தலை. பேரிங்ல இருந்த கிரீஸ் வெல்லப்பாகு ஆறின மாதிரி கெட்டியா இருந்தது. பூச்சிவலைக்கு உள்ள ஒரு குருவிக்கூடு. காலியான கூடு, அதையும் பத்திரமா எடுத்து அலமாரியில வச்சிருக்கார்.

வெளிப்பூச்சைப் பார்த்து ஒரு சங்கோட ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாதுங்கிறது இங்கேதான் எனக்கு உறைச்சது. பளபளன்னு இருக்கிறதுல மோட்டார் சுருள் ஈரம் குடிச்சுச் செத்திருக்கும். துருப் பிடிச்சுத் தொங்குறது ஒரு சொட்டு எண்ணெய் விட்டா ஊதும். கம்பத்து மேல இருக்கிறதை ஜனங்க கீழ இருந்துதானே பார்க்கிறாங்க? பெயின்ட் நல்லா இருந்தா 'நமக்காக யாரோ பார்த்துக்கிட்டு இருக்காங்க'ன்னு ஒரு தைரியம். அந்தத் தைரியம் உண்மையான்னு ஊதினாத்தான் தெரியும்.

2025 ஜனவரி 7 சாயங்காலம் ஆல்ட்டடீனா பக்கம் தீப்பிடிச்சது. அன்னிக்கு அடிச்ச காத்தை மறக்க முடியாது, எங்க ஜன்னலே கழண்டு வந்துடும் போல இருந்தது. ஆல்ட்டடீனாவோட மேற்குப் பகுதிக்கு 'வெளியேறுங்க'ன்னு போன்ல உத்தரவு வந்தப்போ விடிகாலை மூணு மணி தாண்டியிருந்தது. இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பகுதிக்காரங்க. ரெண்டு நாள் கழிச்சு, ஜனவரி 9 அன்னிக்கு, தவறுதலா கவுண்ட்டி முழுக்க, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேருக்கு, 'வெளியேறத் தயாராகுங்க'ன்னு செய்தி போச்சு. என் போனும் கத்தியது, ரூம்மேட் போனும் கத்தியது. அவன் பாஸ்போர்ட்டையும் அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டிலையும் எடுத்துக்கிட்டுக் கதவுகிட்ட நின்னான். அப்புறம் 'அது தப்பு, மறந்துடுங்க'ன்னு இன்னொரு செய்தி.

அன்னிக்கு ராத்திரி அந்த லாண்டரிக் கடைக் கம்பத்தைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். இது உயிரோட இருந்திருந்தா என்னன்னு மனசு கேட்டது. நேர்மையாச் சொன்னா, பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னுதான் தோணுது. இந்த மாதிரிச் சைரன் வெளியில இருக்கிறவங்களுக்கானது. அந்தப் பேய்க்காத்துல, ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குறவங்களுக்குக் கேட்டிருக்குமா, சந்தேகம். கேட்டாலும் எதுக்குன்னு புரியணும். ஹவாய்ல 2023 ஆகஸ்ட்ல லஹைனா எரிஞ்சப்போ நூறு பேருக்கு மேல இறந்தாங்க. அங்க சைரன் இருந்தது, ஆனா யாரும் ஊதலை. சுனாமிக்குன்னு பழகின சத்தம், ஜனங்க மலைப்பக்கம் ஓடி நெருப்புல மாட்டிக்குவாங்கன்னு அப்புறமா விளக்கம் சொன்னாங்க. அந்த விளக்கத்தை ஏத்துக்காதவங்க நிறையப் பேர். ஊதியிருந்தா குறைஞ்சபட்சம் வெளிய வந்து புகையையாவது பார்த்திருப்பாங்கன்னு எனக்கும் தோணுது. கலிபோர்னியாவுல பாரடைஸ் ஊர் 2018 நவம்பர்ல எரிஞ்சு, அந்தத் தீயில 85 பேர் செத்தாங்க. அந்த ஊர் மறுபடியும் கட்டும்போது 21 சைரன் கோபுரம் நட்டாங்க. மோட்டார் சக்கரம் இல்லாத புதுசு, ஒலிபெருக்கி வகை. தீயில பட்டவன் மறுபடி சங்கைத் தேடுறான். எங்க ஊர்ல சங்கு எழுபது வருஷமா நின்ன இடத்துலயே நிக்குது, அது என்னன்னு கேட்டா பத்துல ஒம்பது பேர் தெருவிளக்குன்னு சொல்றாங்க.

காரேஜ் கதைக்கு முடிவு சொல்லிடுறேன். சாம்பலை உரிக்கலை. தேய்ச்ச அந்த வளையத்தையும் அப்படியே விட்டுட்டு, மேல மெழுகு மட்டும் பூசினோம். துரு தலை தூக்கின ரெண்டு இடத்துல சுரண்டி ப்ரைமர் தொட்டு வச்சோம். பேரிங் மாத்தினோம். மோட்டார் சுருளை மெகர் வச்சுச் சோதிச்சு, பிழைக்கும்னு தெரிஞ்சப்புறம்தான் கரென்ட் கொடுக்கச் சம்மதிச்சார். அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காதுல அடைப்பான் வச்சுக்கிட்டு ஸ்விட்சைத் தட்டினார். மூணே விநாடி. அடிவயித்துல இருந்து ஒரு உறுமல் கிளம்பி, மேல ஏறப் போகும்போதே நிறுத்திட்டார். சக்கரம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு. அது வரைக்கும் அந்தச் சத்தம் இறங்கிக்கிட்டே போச்சு, எங்க ஊர் ராத்திரி 8 மணிச் சங்கு ஓயுற மாதிரியே.

தெருமுனையில ஒரு நாய் மட்டும் ரொம்ப நேரம் பதிலுக்கு ஊளையிட்டது.

கொசுறு: சைரனைத் தப்பா ஊதுறதுல சிகாகோக்காரங்களை அடிச்சுக்க முடியாது. 1959 செப்டம்பர் 22 ராத்திரி, ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஜெயிச்ச குஷியில, ஊர் தீயணைப்புத் தலைவர் ஏர் ரெய்டு சைரன்களை ஊதச் சொல்லிட்டார். பாதி ஊர் ரஷ்யாக்காரன் வந்துட்டான்னு அலறியிருக்கு. மேட்ச் பார்த்தவங்க மட்டும் தப்பிச்சாங்க :-)

இன்னொரு கொசுறு: சான்பிரான்சிஸ்கோவுல செவ்வாய்க்கிழமை மத்தியானம் 12 மணிக்கு 119 சைரன் சோதனை ஊதல் ரொம்பப் பிரபலம். 2019 டிசம்பர்ல பாதுகாப்பை மேம்படுத்தணும்னு அதையும் நிறுத்தினாங்க. அந்தச் சத்தத்தை நேர்ல கேட்ட நண்பர்கள் யாராவது இருந்தா, எப்படி இருந்ததுன்னு எழுதுங்க. வாரா வாரம் கேட்டவங்களுக்கு அது இல்லாத முதல் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்ததுன்னும்.